மணற்கரையில் இராட்சதப் பூசணி

தாவர உலகம் உருவாக்கும் பழங்களுள் நிறையில் முதலிடம் பெறுவது பூசணியே ஆகும். 2025 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு அருகே நிறுக்கப்பட்டு உலக சாதனையாக ஏற்கப்பட்ட பழம் 1278.8 கிலோகிராம் நிறையுடையதாக இருந்தது. அதை வளர்த்த இயன் பேற்றன், ஸ்டுவர்ட் பேற்றன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் அந்நாட்டின் தென்கரையிலுள்ள லிமிங்டன் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள். ஒரு விதையிலிருந்து எழுந்த ஒரு கொடி, ஒரே காம்பின் வழியாக, சில மாதங்களுக்குள் ஒரு தொன்னுக்கும் அதிகமான நீரையும் மாப்பொருளையும் ஒரே இடத்தில் குவித்துவிடுகிறது. இத்தகைய பழமொன்றைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், குறிப்பாகக் கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் வளவொன்றில் வளர்க்க முடியுமா என்ற வினாவுக்கு விதையை மட்டும் பார்த்து விடை கூற இயலாது. கொடியினுள் வெல்லம் எவ்வாறு ஓடுகிறது, இரவு எவ்வளவு வெப்பமாக இருக்கிறது, மணலுக்கு அடியில் எவ்வளவு நன்னீர் தங்கியிருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்து நோக்கினால்தான் அவ்விடை தெளிவாகும்.

பூசணி என்று பொதுவாகச் சொல்லப்படுபவை யாவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. குக்கர்பிற்றா என்ற சாதியின் கீழ் வரும் மூன்று இனங்கள் உலகெங்கும் பெருமளவில் பயிராகின்றன. அவற்றுள் குக்கர்பிற்றா மக்சிமா தென்னமெரிக்காவின் மிதமான காலநிலைப் பகுதிகளில் பழக்கப்படுத்தப்பட்டது. அதன் காட்டு மூதாதை இன்றும் ஆர்ஜென்டினாவில் சிறிய, கசப்பான காய்களைக் காய்த்துக்கொண்டிருக்கிறது. இராட்சதப் பழங்கள் அனைத்தும் இந்த இனத்திலிருந்து வந்தவையே. குக்கர்பிற்றா மொஸ்சாற்றா அமெரிக்க வெப்பமண்டலத் தாழ்நிலங்களுக்கு உரியது. இலங்கையின் உலர்வலயத்தில் கறிக்காகப் பயிரிடப்படும் பூசணியும், அண்மைக் காலத்தில் சந்தையில் மிகுந்துள்ள பட்டர்நட் வகையும் இதைச் சேர்ந்தவை. மூன்றாவதான குக்கர்பிற்றா பெப்போவைச் சேர்ந்தது சுக்கினி. இவற்றைப் பிரித்தறியப் பழத்தின் காம்பே போதும்: மக்சிமாவின் காம்பு உருண்டையாகவும் தக்கை போன்று மென்மையாகவும் பருத்திருக்கும், மொஸ்சாற்றாவின் காம்பு கடினமாகவும் கோண விளிம்புகளுடனும் அமைந்து, பழத்தோடு சேருமிடத்தில் விரிந்திருக்கும். நீற்றுப்பூசணி இம்மூன்றுக்கும் உறவாயினும் வேறொரு சாதியைச் சேர்ந்தது. அது அமெரிக்காவிலிருந்து வந்ததன்று, ஆசியாவுக்கே உரியது.

மக்சிமாவின் பருமன் இயற்கையில் கிடைத்த ஒன்றன்று. அது மனிதரின் இடைவிடாத தெரிவினால் உருவானது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தைச் சேர்ந்த வில்லியம் வார்னொக் 1900 ஆம் ஆண்டில் பரிஸ் உலகக் கண்காட்சிக்கு அனுப்பிய பழம் 400 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 181 கிலோகிராம் இருந்தது. 1904 இல் சென் லூயிஸ் கண்காட்சியில் அவரே அதை 403 இறாத்தலாக உயர்த்தினார். அதன்பின் 1976 வரை எவரும் அந்த அளவைத் தாண்டவில்லை. நோவா ஸ்கோசியா மாகாணத்தின் வின்சர் நகரில் வாழ்ந்த ஹவார்ட் டில் என்ற விவசாயி, தம் தோட்டத்துப் பெரும்பூசணிகளுள் மிகப் பெரியவற்றை ஒன்றோடொன்று கையால் மகரந்தச் சேர்க்கை செய்து, அவற்றின் விதைகளை ஆண்டுதோறும் தெரிந்தெடுத்து வந்ததன் பயனாக 'அத்திலாந்திக் ஜயன்ற்' என்ற வர்க்கம் தோன்றியது. 1981 இல் அவர் வளர்த்த பழம் 493.5 இறாத்தலை எட்டியது. இன்று போட்டிக்கு வரும் பழங்கள் அனைத்தும் அந்த விதையின் வழித்தோன்றல்களே. 1996 இல் 1000 இறாத்தலும், 2012 இல் 2000 இறாத்தலும் கடக்கப்பட்டன. 2014 இல் சுவிற்சர்லாந்தின் பெனி மையர் 1054 கிலோகிராம் எடையுள்ள பழத்தைக் கொண்டுவந்தார். முக்கால் நூற்றாண்டு அசையாதிருந்த ஓர் அளவு அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ஏறத்தாழ ஏழு மடங்கானது என்பது பயிர் வளர்ப்பு வரலாற்றிலேயே அரிய நிகழ்ச்சியாகும். இதில் பெரும்பங்கு ஆய்வுகூடங்களுக்கு உரியதன்று, வீட்டுத் தோட்டங்களில் விதைகளைப் பகிர்ந்து, ஒவ்வொரு விதையின் தாய்தந்தையரையும் குறித்துவைத்த சாதாரண மக்களுக்கு உரியது.

அந்தத் தெரிவு தாவரத்தின் உள்ளமைப்பில் எதை மாற்றியது என்ற வினா நெடுங்காலம் விடையின்றியே இருந்தது. தாவரத் தண்டினுள் இரு வகைக் குழாய்கள் உள்ளன. வேரிலிருந்து நீரையும் கனியுப்புகளையும் மேலே கொண்டுசெல்வது காழ். இலைகளில் ஒளித்தொகுப்பினால் உண்டாகும் வெல்லத்தைத் தேவையான இடங்களுக்குக் கொண்டுசெல்வது உரியம். உரியத்தில் ஓட்டம் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு ஜெர்மானியத் தாவரவியலாளர் ஏர்ன்ஸ்ட் முன்ச் 1930 இல் அளித்த விளக்கம் இன்றும் ஏற்கப்படுகிறது: இலையருகே உரியத்தினுள் வெல்லம் செறிவதால் பிரசாரணத்தின் மூலம் அங்கே நீர் புகுந்து அமுக்கம் உயர்கிறது, பழத்தினருகே வெல்லம் வெளியே எடுக்கப்படுவதால் அமுக்கம் தாழ்கிறது, இவ்விரு முனைகளுக்கும் இடையிலான அமுக்க வேறுபாடே கரைசலைத் தள்ளிச் செல்கிறது. 2015 இல் ஜெசிக்கா சவேஜ், டஸ்ரின் ஹெயின்ஸ், மிஷேல் ஹோல்புறூக் ஆகியோர் இராட்சத வர்க்கங்களை அவற்றின் சிறிய உறவு வகைகளுடன் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, இரண்டுக்குமுள்ள முக்கிய வேறுபாடு உரிய இழையத்தின் அளவிலேயே இருந்தது என்று காட்டியது. இலையின் சதுர மீற்றர் ஒன்று ஆக்கும் வெல்லம் கூடியிருக்கவில்லை. இலைக்காம்பிலும் பழக்காம்பிலும் வெல்லம் செல்லும் பாதையே அகன்றிருந்தது. ஆகவே டில் முதலியோர் பெரிய பழத்தைத் தெரிந்தெடுத்தபோது, அறியாமலே அகலமான பாதையைத் தெரிந்தெடுத்து வந்தனர் எனலாம்.

பாதை அகன்றதன் பொருளை எளிய கணக்கொன்றால் உணரலாம். நன்கு வளரும் இராட்சதப் பழம் அதன் உச்ச வளர்ச்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 20 கிலோகிராம் வரை நிறை கூடும். பழத்தில் நூற்றுக்கு 5 பங்கே உலர்பொருள் என்று கொண்டாலும், ஒவ்வொரு நாளும் ஒரு கிலோகிராம் உலர்பொருள் அந்த ஒரே காம்பின் வழியாகச் சென்றாக வேண்டும். நல்ல நிலைமைகளில் பயிரொன்று தன் இலைகள் மூடிய நிலப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் நாளொன்றில் ஏறத்தாழ 20 கிராம் உலர்பொருளைச் சேர்க்கும். எனவே 50 சதுர மீற்றர் பரப்பை மூடிய ஒரு கொடியின் முழு உழைப்பும் ஒரே பழத்துக்குச் சென்றால்தான் அந்த 20 கிலோகிராம் கிடைக்கும். ஒரு கொடியில் ஒரு பழத்தை மட்டும் விட்டு ஏனையவற்றைக் கிள்ளியெறிவதற்கும், கிளைக்கொடிகளின் நுனிகளை உரிய காலத்தில் வெட்டிவிடுவதற்கும் இதுவே காரணமாகும். இரண்டாவது பழம் என்பது முதற்பழத்தின் பங்கைப் பிரித்துக்கொள்ளும் போட்டியாளரேயன்றி வேறல்ல.

பழத்தினுள்ளே நிகழ்வது இரு கட்டங்களைக் கொண்டது. மகரந்தச் சேர்க்கைக்குப் பின் முதல் இரண்டு மூன்று வாரங்களில் கலங்கள் விரைந்து பிரிந்து எண்ணிக்கையில் பெருகுகின்றன. அதன்பின் பிரிவு தளர்ந்து, ஒவ்வொரு கலமும் தன் நடுவிலுள்ள புன்வெற்றிடத்தை நீரால் நிரப்பி வீங்குகிறது. முதற்கட்டத்தில் ஏற்படும் வாட்டம் கலங்களின் எண்ணிக்கையையே குறைத்துவிடுவதால், பின்னர் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. பழம் பருக்கப் பருக்க அதன் வடிவமும் மாறுகிறது. டேவிட் ஹூவும் அவருடன் சேர்ந்தோரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறிய பழத்தில் உருண்டையாக இருக்கும் வடிவம் நிறை கூடும்போது தன் சுமையினாலேயே தட்டையாகிப் பக்கவாட்டில் விரிகிறது. இழையங்கள் மீள முடியாதவாறு மெல்ல மெல்ல இழுபட்டுப் புதிய நிலையிலேயே வளர்வதால் அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்கின்றன. வளர்ச்சி அளவுக்கு மீறி விரையும்போது தோல் ஈடுகொடுக்காமல் வெடித்துவிடுவதும் உண்டு. உட்குழிவு வரை செல்லும் வெடிப்புள்ள பழம் போட்டிகளில் ஏற்கப்படுவதில்லை.

இனி இக்கரையின் காலநிலையை நோக்கலாம். புத்தளம் வட அகலாங்கு 8 பாகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே நீடிக்கிறது. லிமிங்டனிலோ ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் அதிகமாக நீள்கிறது. நாளொன்றில் நிலத்தில் விழும் மொத்த ஒளிச்சக்தியை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இக்கரையில் அந்த ஒளி குறுகிய நேரத்துக்குள் செறிந்து விழுகிறது. பூசணி இலை குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஒளியைப் பயன்படுத்த இயலாதது. நண்பகலில் வெப்பமும் உலர்காற்றும் சேரும்போது நீரிழப்பைத் தவிர்க்க இலைவாய்களை ஒடுக்கிக்கொள்வதால், ஒளி மிகுந்த அந்த நேரத்திலேயே காபனீரொட்சைட்டு உட்புகுவது குறைகிறது. நண்பகலில் கொடி முழுவதும் இலை சோர்ந்து தொங்கி, மாலையில் மீண்டும் நிமிர்வதைக் காண்போர் வேரில் நீரில்லை என்று கருதி மேலும் நீர் ஊற்றுவதுண்டு; பெரும்பாலும் அது வேரின் குறையன்று, இலையிலிருந்து வெளியேறும் நீரின் வேகத்துக்குக் காழ் ஈடுகொடுக்க முடியாமையே ஆகும்.

பகலைவிட இரவே பெரிய தடை. ஒளி இல்லாத வேளையிலும் உயிருள்ள ஒவ்வொரு கலமும் சுவாசித்து, பகலில் சேர்த்த வெல்லத்தின் ஒரு பகுதியைச் செலவிடுகிறது; வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்போது இந்தச் செலவு ஏறக்குறைய இரு மடங்காகிறது. தென் இங்கிலாந்தின் கோடை இரவு 13 பாகை அளவில் குளிர்கையில், புத்தளக் கரையின் இரவு ஆண்டின் பெரும்பகுதியில் 24, 25 பாகைக்குக் கீழே செல்வதில்லை. தாவரம் ஓரளவு இசைந்துகொள்ளும் என்றாலும், இரவுதோறும் இழக்கப்படும் வெல்லம் கணிசமானது. அதைவிட முக்கியமானது காலம்: வெப்பம் பழத்தை விரைவில் முற்றச் செய்கிறது. குளிர்ந்த நாடுகளில் மகரந்தச் சேர்க்கைக்குப் பின் 90, 100 நாட்கள் வரை தொடரும் வளர்ச்சி இங்கே மிக முன்னதாகவே ஓய்ந்துவிடுவதால், நாளாந்த வளர்ச்சி சமமாக இருந்தாலும் இறுதி நிறை சமமாக முடியாது. இதனால் அத்திலாந்திக் ஜயன்ற் விதை இம்மணலில் முளைக்கும், படரும், பெரிய காயையும் தரும். ஆனால் சாதனைப் பழங்களின் அளவை அதனிடம் எதிர்பார்ப்பது விதையின் மீது நியாயமற்ற சுமையை ஏற்றுவதாகும்.

பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் வெவ்வேறாகத் தோன்றுகின்றன. எந்தப் பால் பூ மிகுதியாக வரும் என்பதையும் வெப்பமும் பகல் நீளமும் தீர்மானிக்கின்றன. வெப்பமான சூழல் ஆண் பூக்களைப் பெருக்கி, பெண் பூக்களைப் பின்தள்ளுகிறது. ஆகவே பருவத்தைத் தெரிவதே இக்கரையில் வளர்ப்பவர் எடுக்க வேண்டிய முதன்மையான முடிவாகும். மே மாதத்திலிருந்து செப்தெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று குடாநாட்டின் மீது ஓயாது வீசுகிறது. கற்பிட்டிக்குப் பட்டம் பூட்டிய பலகைகளில் கடலில் சறுக்கி விளையாடுவோரை அழைத்துவரும் அதே காற்று, முறத்தளவு அகன்ற பூசணி இலைகளைக் கிழித்து, கொடியைப் புரட்டி, மணலை இலைமீது வீசி அடிக்கிறது. பெரும்போக மழை ஒக்டோபரில் தொடங்கித் திசெம்பரில் தளர்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இரவு வெப்பநிலை 21, 22 பாகை வரை இறங்குகிறது. காற்றும் ஒப்பளவில் அமைதியாக இருக்கும். நவம்பரில் நாற்றிட்டு, ஜனவரியில் காய் பிடிக்கச் செய்து, மார்ச் மாத வெப்பம் முற்றுமுன் வளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்துக்கொள்வதே இவ்விடத்தின் இயல்புக்குப் பொருந்திய முறையாகும். அப்போதும் காற்று வரும் பக்கத்தில் கிடுகு வேலியோ சவுக்கு வரிசையோ இருப்பது நன்று.

மணலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் இக்கரையின் வேளாண்மை முழுவதும் அதன் மீதே நிற்கிறது. கற்பிட்டிக் குடாநாடு ஒரு பக்கம் இந்து சமுத்திரத்தாலும் மறுபக்கம் புத்தளக் கடனீரேரியாலும் சூழப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம். ஆறு எதுவும் இல்லாத இந்நிலத்தில் நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை போன்ற ஊர்களைச் சேர்ந்தோர் ஆழமற்ற கிணறுகளிலிருந்து நீரிறைத்து மிளகாய், சின்ன வெங்காயம், பீற்றூட், புகையிலை, பூசணி முதலியவற்றை ஆண்டு முழுவதும் பயிரிடுகின்றனர். மணலில் வேர் எளிதாக ஓடும், காற்றோட்டம் மிகும், வேரழுகல் அரிது. பூசணி விரும்பும் பண்புகள் இவை. ஆனால் பருமணல் தன் மேல் 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கத்தக்க நீராக 20 மில்லிமீற்றர் அளவையே வைத்திருக்கும். நாளொன்றுக்கு 5, 6 மில்லிமீற்றர் ஆவியாகும் காலத்தில் அது மூன்று நான்கு நாட்களிலேயே தீர்ந்துவிடும். களிமண்ணும் உக்கலும் குறைவாக இருப்பதால் இடும் பசளையையும் அது பிடித்துவைப்பதில்லை. ஆகையால் இம்மண்ணில் நீரையும் பசளையையும் சிறிது சிறிதாக, அடிக்கடி இடுவதே முறை. ஒரே முறையில் மிகுதியாக இடுவது வேருக்கு உதவாமல் கிணற்றுக்கே செல்லும்.

அந்தக் கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது என்பது கவனத்துக்குரியது. மணலினூடு இறங்கும் மழைநீர், அடியில் ஊறியிருக்கும் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதனோடு கலக்காமல் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்தும் இரு கரைகளை நோக்கி மெலிந்தும் அமையும் இந்த நன்னீர்த் திரளை நன்னீர் வில்லை என்பர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு பங்கு உயர்ந்து நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 பங்கு ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்ற தொடர்பை ஒல்லாந்தரான படொன் கெய்பென் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க் 1901 இலும் தனித்தனியே எடுத்துக்காட்டினர். இத்தொடர்பின் மறுபக்கமே அச்சத்துக்குரியது: நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் தாழ்த்தினால், அடியிலுள்ள உவர்நீரின் எல்லை காலப்போக்கில் 4 மீற்றர் மேலேறலாம். ஓரிடத்தில் இடையறாது இறைக்கும்போது உவர்நீர் அக்கிணற்றுக்கு நேர்கீழே கூம்பு வடிவில் எழும்புவதும் இதனாலேதான்.

இராட்சதப் பூசணி ஒன்று இந்த வில்லையிடம் கேட்கும் பங்கைக் கணக்கிடலாம். 75 சதுர மீற்றரில் படர்ந்த கொடி, நாளொன்றுக்கு 6 மில்லிமீற்றர் வீதம் நீரை ஆவியாக்கினால் 450 லீற்றர் செலவாகும். 90 நாட்களில் அது 40 கனமீற்றர். குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் மழை பெய்து, அதில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தடிக்குச் செல்கிறது என்று கொண்டால், அதே 75 சதுர மீற்றர் நிலம் வில்லைக்கு அளிப்பது 25 கனமீற்றர் மட்டுமே. அதாவது அந்த ஒரு கொடி, தான் படர்ந்த நிலம் ஓராண்டில் சேர்த்த நீரைவிட அதிகமானதை மூன்று மாதங்களில் குடித்துவிடுகிறது. குறைந்ததை அயல் வளவுகளின் மழையே ஈடுசெய்ய வேண்டும். ஊரில் ஓரிருவர் செய்தால் இது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் ஏற்கெனவே ஆண்டு முழுவதும் இறைக்கப்படும் நிலத்தில் ஒவ்வொரு வளவும் இவ்வாறு செய்யத்தக்கதன்று என்பதை இந்த எண்கள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றன.

நீரின் அளவைவிட அதன் தூய்மை உடனடியாகக் கவலைக்குரியது. பயிர் உள்ளெடுக்காத நைதரசன், நைத்திரேற்றாக மாறி நீருடன் கீழிறங்குகிறது. கற்பிட்டியின் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980 களிலிருந்தே ஆய்வாளர் பதிவு செய்து வந்துள்ளனர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று, அதாவது நைதரசனாகக் கணித்தால் ஏறத்தாழ 11 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. அதனைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனை இழக்கக்கூடும். 500 கிலோகிராம் எடையுள்ள பழமொன்றுகூடத் தன்னுள் அரைக் கிலோகிராம் அளவு நைதரசனையே கொண்டிருக்கும். பெரிய பழத்தின் ஆசையால் மேலதிகமாக இடப்பட்ட ஒரே ஒரு கிலோகிராம் நைதரசன், மேலே கணக்கிட்ட 25 கனமீற்றர் நீரில் கலந்தால் லீற்றருக்கு 40 மில்லிகிராம் ஆகும். அது அந்த அளவின் மூன்றரை மடங்குக்கு மேற்பட்டது. வீட்டுக் கிணறும் பூசணிக் குழியும் ஒரே வளவுக்குள் இருக்கும் இடத்தில் இதைவிட வலுவான எச்சரிக்கை தேவையில்லை.

ஆதலால் இக்கரையில் குழியை நிரப்பும் முறையே வேறாக இருக்க வேண்டும். ஒரு மீற்றர் அகலமும் அரை மீற்றர் ஆழமும் உள்ள குழியில், நன்கு உக்கிய மாட்டெருவையும் இலைக்குழையையும் கழுவி உப்பு நீக்கிய தும்புத்தூளையும் மேல்மணலுடன் கலந்து நிரப்பலாம். தென்னை முக்கோணத்தின் ஒரு முனையாகிய இம்மாவட்டத்தில் தும்புத்தூளுக்குக் குறைவில்லை. தன் நிறையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் அது, மணலில் இல்லாத பண்பை ஈடுசெய்கிறது. கழிவு மீனை எருவாக்கும் வழக்கமும் கரையோரத்துக்குப் பொருந்தும், ஆயினும் பச்சையாகப் புதைத்தால் ஈக்களையும் நாய்களையும் அழைப்பதோடு வேரையும் சுடும். கொடி நீளும்போது ஒவ்வொரு கணுவையும் எருக்கலந்த ஈரமணலால் மூடினால் அங்கே புதிய வேர்கள் இறங்கும். இது இரு வகையில் பயன்தரும்: நீரும் கனியுப்பும் காய்க்கு அருகிலிருந்தே கிடைக்கின்றன, காற்றில் கொடி புரளாமல் நிலத்தோடு பிணைந்தும் விடுகிறது. நிலம் முழுவதையும் தென்னோலையாலோ வைக்கோலாலோ மூடிவிட்டால் மணலின் மேற்பரப்பு சுடுவதும் ஈரம் வீணாவதும் குறையும்.

மூலவேரிலிருந்து மூன்று மீற்றருக்கு முன்னே தோன்றும் பெண் பூக்களை நீக்கிவிட்டு, அதற்கு அப்பால் முதன்மைக் கொடியில் வருவதையே தெரிவது வழக்கம். அதற்குள் போதிய இலைகள் விரிந்திருக்கும். பூ விடியுமுன் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். வெயிலேற மகரந்தம் விரைவில் உயிராற்றலை இழப்பதால், காலை எட்டு மணிக்கு முன்னரே அன்று விரிந்த ஆண் பூவொன்றின் இதழ்களை உரித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் குறிமடல்கள் அனைத்திலும் தடவ வேண்டும். ஒரு மடல் விடுபட்டாலும் அப்பக்கத்து விதைகள் சரியாக உருவாகாமல் காய் ஒருபக்கம் ஒடுங்கக்கூடும். காய் பிடித்த இடத்தில் கொடி வளைந்து விலகிச் செல்லுமாறு முன்கூட்டியே திருப்பி வைப்பது முக்கியம், ஏனெனில் பருக்கும் பழத்தின் தோள் கொடியை மேலே நெம்பிக் காம்பைப் பிளந்துவிடும். பழத்தின் கீழே நீர் தேங்காத நுண்மணல் படுக்கை வேண்டும். அது இக்கரையில் இயல்பாகவே கிடைக்கிறது. பழத்தின் மேலே கிடுகுப் பந்தலிட்டு நிழல் தருவது, தோல் இளமையாயிருந்து நெகிழ்ந்து விரிய உதவும்.

இளங்காயின் தோலைத் துளைத்து முட்டையிடும் பழ ஈ இங்கே முதற்பகை. காய் முட்டியளவு ஆகும்வரை மெல்லிய துணியால் கட்டிவைப்பதே நம்பகமான காப்பு. அழுக்கணவனும் வெண் ஈயும் தாவரச் சாற்றுடன் வைரசுகளையும் காவித்திரிவதால், இலையில் சித்திர வடிவப் புள்ளிகள் தோன்றிய கொடியை உடனே பிடுங்குதல் வேண்டும். வெளிநாட்டு விதையை எவரிடமிருந்தேனும் கடித உறையில் பெறுவது எளிதாகத் தோன்றலாம். ஆனால் பூசணிக் குடும்பத்தின் சில நோய்கள் விதையுடனேயே வரக்கூடியவை, 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இத்தகைய இறக்குமதிக்கு அனுமதி தேவை. கற்பிட்டியின் வத்தகை, பூசணித் தோட்டங்களை நம்பி வாழ்வோரை எண்ணினால் இந்த விதியின் நியாயம் விளங்கும்.

இவையனைத்தையும் சீர்தூக்கினால், இக்கரையின் வீட்டு வளவுக்கு உரிய பெரும்பூசணி மக்சிமாவிலிருந்தன்றி மொஸ்சாற்றாவிலிருந்தே வர வேண்டும் என்பது தெளிவு. வெப்பமான இரவுகளை அது தன் பிறப்பிடத்திலேயே அறிந்தது. விவசாயத் திணைக்களம் பரிந்துரைக்கும் ருகுணு, மீமினி ஆகிய வகைகள் கறிக்காக, பல காய்கள் காய்க்குமாறு தெரிந்தெடுக்கப்பட்டவை. அவற்றில் ஒரு கொடிக்கு ஒரு காய் என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தால் வழக்கமான அளவைக் கடந்து காய் பருப்பதைக் காணலாம். கொடி 15 சதுர மீற்றரில் அடங்குவதால், நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் வீதம் 90 நாட்களில் அதற்குத் தேவைப்படும் நீர் 7 கனமீற்றருக்கும் குறைவு. பருவமழையின் கடைக்கூறும் மூடாக்கும் அதில் ஒரு பகுதியைத் தந்துவிட்டால், எஞ்சியதை அந்த நிலம் வில்லைக்கு அளித்த 5 கனமீற்றரே ஈடுசெய்யும். அத்துடன் இராட்சத மக்சிமாவின் சதை நார் மிகுந்து சுவையற்றிருக்க, இதுவோ சமையலுக்கும் ஆகிறது. பருமன் ஒன்றே நோக்கமாயின் நீற்றுப்பூசணியையும் விடக்கூடாது. மெழுகு பூத்த அதன் தோல் நீரிழப்பைத் தடுப்பதால், முற்றிய காய் மாதக்கணக்கில் கெடாமலிருந்து புகுல் தோசி என்ற இனிப்புக்குப் பயன்படும்.

பெரிய காயிலிருந்து அடுத்த பருவத்துக்கு விதையெடுக்க விரும்புவோர், மறுநாள் விரியவுள்ள ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முதல்நாள் மாலையிலேயே நூலால் கட்டி, விடியலில் அவிழ்த்துச் சேர்த்துப் பின் பெண் பூவை மீண்டும் கட்டிவிட வேண்டும். இல்லையேல் தேனீக்கள் அயல் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். காம்பு காய்ந்து, நகத்தால் கீறினால் தோலில் வடு விழாத நிலையில் காயைக் கொய்து, மேலும் மூன்று நான்கு வாரங்கள் நிழலில் வைத்தபின் விதை எடுத்தால் விதையின் பருப்பு முழுமையாகத் திரண்டிருக்கும். கழுவி நிழலில் உலர்த்திய விதையை ஈரம் புகாத போத்தலில் இட்டு, எந்தக் கொடியின் எந்தக் காய், அதன் நிறை எவ்வளவு, அந்தக் கிணற்று நீர் எவ்வளவு உவர்ப்பானது என்ற விவரங்களை எழுதி ஒட்டிவைத்தால், சில பருவங்களுக்குள் இம்மணலையும் இவ்வெப்பத்தையும் இவ்வுவர்ப்பையும் தாங்கிப் பருக்கும் கொடிகளைத் தெரிந்தெடுப்பதற்கான பதிவேடு அந்த வளவிலேயே உருவாகிவிடும்.